முந்திரித் தோப்பில் நாற்பது நிமிஷம்

அரியலூர்
8.2.1999

அன்புள்ள திரு. கருப்பண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நமது அமெச்சூர் ரேடியோ கிளப்பின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு காலை ஏழு மணி ரேடியோ நெட்டில் நான் பேசியதைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். நம் மாவட்டத்து ரேடியோ ஹாம்கள் அத்தனை பேரும், திருச்சி, தஞ்சாவூர்க்காரர்களும் ஒரே அலைவரிசையில் கூடுகிற நேரம் என்பதால் அங்கேயே சொல்லிவிடுவது முறை என்று நினைத்தேன். போன மாதம் 30, 31 தேதிகளில் ஆண்டிமடம் முந்திரித் தோப்பில் நாம் கலந்துகொண்ட ஃபீல்டு டே பந்தயத்தின் புள்ளிக் கணக்கைக் கிளப் திரும்பப் பெறுகிறது. பந்தயக் கமிட்டிக்கும் கடிதம் போட்டுவிட்டேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை.

காரணம் இதுதான். சனிக்கிழமை பிற்பகல் 3.05-க்குத் தோப்புக்காரர் பாவாடையின் டிராக்டர் நம் ஜெனரேட்டர் கேபிள் மேல் ஏறி மேஜைக்குக் கரண்டு நின்றது. 3.45-க்குத்தான் நான் சரிசெய்து திரும்ப ஓட்டினேன். இரண்டு நேரமும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஜெனரேட்டர் நோட்டில் எழுதியவை. அந்த நாற்பது நிமிஷமும் செட் செத்துக் கிடந்தது. தாங்கள் மேஜையிலேயே இல்லை, பாவாடையின் பம்புசெட்டுக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆனால் லாக் புத்தகத்தில், தங்கள் கையெழுத்தில், அதே நேரத்தில் பதினொரு நிலையங்களோடு பேசியதாக இருக்கிறது. லாக்கில் கிரீன்விச் நேரம்தான் எழுதுவோம் என்பதால் ஐந்தரை மணி கூட்டி மூன்று தடவை சரிபார்த்தேன். கரண்டு நின்றதற்கான இடைவெளியே அந்தப் பக்கத்தில் இல்லை.

பேசிய நிலையத்துக்குத்தான் புள்ளி. பேசாததற்குப் புள்ளி வாங்கி வருகிற முதல் இடம் நம் கிளப்புக்கு வேண்டாம். தங்களிடம் உள்ள கிளப்பின் ஆண்டெனா வயரையும் ஹெட்போனையும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
பொ. சிங்காரவேலு


பெரம்பலூர்
13.2.1999

சிங்காரவேலு சாருக்கு,

"தாங்கள்" என்று படித்ததும் கவரைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யாருக்கோ போகவேண்டியது தவறி என் கடைக்கு வந்துவிட்டதா என்று. பதினாலு வருஷமாக "ஏய் கருப்பண்ணா, எங்கடா போன" என்று கூப்பிட்ட வாய். திடீரென்று இவ்வளவு மரியாதை வந்தால் பயமாகத்தான் இருக்கிறது.

நெட்டில் நீ பேசியதைக் கேட்டேன். கேட்டபோது கையில் காபி டம்ளர். என் மனைவி இருசம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சொல்லவில்லையாம்! சனிக்கிழமை மத்தியானத்து ஷிஃப்டு யாருடையது என்று கிளப்பில் தெரியாத ஆள் யார்? நீ மைக்கை விட்டதும் அரை நிமிஷத்துக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அரை நிமிஷத்தில் எத்தனை பேர் என்னை நினைத்திருப்பார்கள் என்று நீயே கூட்டிப் பார். உனக்குத்தான் கூட்டல் நன்றாக வருமே.

இருசம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "ரெண்டு நாளு வூட்டை விட்டுட்டுப் போயி, மரத்துல கம்பியக் கட்டிக்கிட்டு, மொகம் தெரியாதவங்ககிட்டல்லாம் 'கேக்குதா, கேக்குதா'ன்னு கத்திட்டு வர்றீங்க. இதுல போயி பொய் சொல்லுவாங்களா? சொல்லி என்னத்தக் கட்டிக்கப் போறீங்க?" படிப்பு வாசனை இல்லாதவளுக்குப் புரிந்தது.

பதினொரு பேரோடும் பேசினேன். நாகர்கோவில்காரர் நடுவில் இருமினார். கட்டாக் நகரத்துக்காரர் பெயரை மூன்று தடவை எழுத்தெழுத்தாகச் சொன்னார். எதிரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், நேரம் எழுதினேன். அது எப்படி நீ சொல்லும் நாற்பது நிமிஷத்துக்குள் போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும்.

நீ கேட்டிருக்கலாம். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு மணி நேரத்துப் பஸ். கடையில் போன் இருக்கிறது. கேட்கவில்லை, நேராக ஊருக்குச் சொல்லிவிட்டாய். ஒன்று மட்டும் சொல். அந்தப் பக்கம் நம் கிளப்பில் இருக்கிற அறிவழகன் எழுதினதாக இருந்திருந்தால் அவனையும் நேராக ஏழு மணி நெட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாயா? "தம்பி, இது என்னாப்பா?" என்று அவனை முதலில் தனியாகக் கேட்டிருப்பாய். அவன் அப்பாவும் உன் அப்பாவும் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். என் அப்பா உங்கள் வயலுக்கு அறுப்பு அறுக்க வந்தவர்.

ரேடியோவில் எனக்குத் தெரு கிடையாது சிங்காரம். லைசென்ஸோடு கொடுத்த அழைப்புக் குறியின் கடைசி மூன்று எழுத்துதான் அங்கே என் பெயர். அதைச் சொன்னால் ஜப்பான்காரனும் வணக்கம் சொல்கிறான், ஜெயங்கொண்டத்துக்காரனும் சொல்கிறான். யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. எனக்கென்று இருந்த ஒரே சுத்தமான பெயர் அதுதான். அதில்தான் நீ சேறு பூசினாய்.

டிசம்பர் 31-உடன் என் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. அந்த மூன்று எழுத்தை டெல்லிக்காரர்கள் வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும். வயரையும் ஹெட்போனையும் நாளைக் காலைப் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். ஹெட்போனில் இடது காது வேலை செய்யாது. அது ஏற்கெனவே அப்படித்தான், அதையும் என் தலையில் கட்டாதே.

கருப்பண்ணன்


அரியலூர்
2.3.1999

கருப்பண்ணா,

வயர் வந்து சேர்ந்தது.

அறிவழகனைப் பற்றியும் பந்தியைப் பற்றியும் எழுதியிருந்தாயே, அதை நீ நினைத்ததே எனக்கு அவமானமாக இருக்கிறது. உனக்கு மோர்ஸ் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நீ எனக்கு டிரான்ஸ்மிட்டர் கட்டிக் கொடுக்கவில்லையா? இதிலெல்லாம் நான் தெருவைப் பார்த்தேனா? என்னிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

விதி என்று ஒன்று இருக்கிறது. ஃபேக்டரியில் என் கீழே வேலை செய்கிறவன் மீட்டரைப் பார்க்காமல் ரீடிங் எழுதினால் நான் விட மாட்டேன். கிளப்பில் மட்டும் எப்படி விட முடியும்? இதில் ஆள் யார் என்ற பேச்சே இல்லை.

ஒரே ஒரு காரணம் சொல், நம்பும்படியாக. மறுநாளே கமிட்டிக்கு மாற்றி எழுதுகிறேன். "தெரியாது" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? லைசென்ஸை விடுகிறேன் என்பதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம்.

சிங்காரவேலு


அரியலூர்
20.6.1999

கருப்பண்ணா,

மூன்றரை மாதமாகிறது. பதிலில்லை. நெட்டிலும் உன் குரல் இல்லை. விக்கிரமங்கலம் செல்லதுரை ஒவ்வொரு ஞாயிறும், "பெரம்பலூர் ஸ்டேசன் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்கிறார். அப்புறம் அவரே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். நெட்டை நடத்துகிறவன் நான்தான் என்பதால் எனக்குத்தான் அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நீளமாக இருக்கிறது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுண்ணாம்புத் தூசி வேறு. ஆண்டெனா கம்பி வெள்ளையாகவே ஆகிவிட்டது. உன் கடையில் வேலை எப்படி? கலர் டிவி எல்லாம் இப்போது ரிமோட்டோடு வருகிறதே, உனக்குக் கஷ்டமாக இல்லையா?

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. அன்றைக்குத் தோப்பில் நீ கையில் வாட்ச் கட்டியிருந்தாயா? மேஜைக் கடிகாரம் சரியாக ஓடியதாக உனக்கு ஞாபகமா? மறக்காமல் எழுது.

சிங்காரம்


பெரம்பலூர்
1.7.1999

சிங்காரம்,

ஏன் கேட்கிறாய் என்று கேட்கக்கூடாதாம், ஆனால் நான் பதில் சொல்ல வேண்டுமாம். போலீஸ் ஸ்டேஷனில்கூட காரணம் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள்.

டிவி ரிப்பேர் என்னை ஒன்றும் பண்ணவில்லை. ரிமோட்டுக்குள்ளேயும் நான் நுழைந்தாகிவிட்டது. பூலாம்பாடியிலிருந்தெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். என் செட்டின் மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். அதன் மேல் இருசம்மாள் காலண்டரும் குங்குமச் சிமிழும் வைத்துவிட்டாள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

வாட்ச் கட்டவில்லை. சாலிடரிங் செய்கிறவன் கையில் வாட்ச் எதற்கு? மேஜைக் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். அது கிரீன்விச்சுக்கு வைத்த கடிகாரம். நம் ஊரில் சாயங்காலம் என்றால் அதில் மத்தியானம் காட்டும். அதைப் பார்த்து மணி சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. அன்றைக்குச் சாயங்காலம் ரேடியோ செய்திக்கு முந்தி வருகிற பீப்பைக் கேட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் போல பின்னால் இருந்தது. முள்ளைத் திருப்பிச் சரியாக வைத்தேன். செல் வீக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. பேசுகிற அவசரத்தில் கடிகாரத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

இது போதுமா, இன்னும் விசாரணை இருக்கிறதா?

கருப்பண்ணன்


அரியலூர்
24.7.1999

கருப்பண்ணா,

இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆறாவது தடவை எப்படி வந்தாலும் போஸ்ட் பண்ணிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபீல்டு டேயில் நாம் பேசிய நிலையங்களிலிருந்து கார்டுகள் வருமல்லவா, "இந்தத் தேதி, இந்த நேரம் உங்களோடு பேசினோம்" என்று? கிளப்பின் விலாசம் என் குவார்ட்டர்ஸ் என்பதால் எல்லாம் என்னிடம்தான் வரும். ஏப்ரலில் நாகர்கோவில் கார்டு வந்தது. நீ லாக்கில் கிரீன்விச் 9.37 என்று எழுதியிருந்தாய். அவர் 10.17 என்று எழுதியிருந்தார். அவர் கடிகாரம் தப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரம் ஹூப்ளி வந்தது. அதிலும் நாற்பது நிமிஷம். அப்புறம் போபால், கட்டாக், கொழும்பு. ஜூனில் ஒரு ஜப்பான்காரர், கொழும்பிலிருந்து இன்னொருவர். ஊருக்கு ஊர் ஆள் சேர்ந்து ஒரே நாற்பது நிமிஷம் தப்பு பண்ண முடியுமா? நாற்பதைக் கூட்டினால் எல்லாமே நான் ஜெனரேட்டரைத் திரும்ப ஓட்டின பிறகு நீ பேசியவை.

மொத்தம் ஏழு கார்டு. உன்னிடம் சொல்லாமல் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். முதல் கார்டு வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. கடிகாரம் எப்படியோ தப்பாகப் போயிருக்கிறது, அது ஏன் என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அதனால்தான் போன கடிதத்தில் வாட்ச், வெயில், கலர் டிவி என்று சுற்றி வளைத்தேன். உனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

உன் பதிலில் "செல் வீக்காக இருக்கும்" என்று எழுதியிருந்தாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தச் செல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வாங்கிப் போட்ட புதுச் செல். வீக்காக இருக்க வாய்ப்பே இல்லை என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவும் ஆரம்பித்தேன். பாதி வரியில் கை நின்றுவிட்டது.

டிராக்டர் ஏறின கேபிள் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க மல்டிமீட்டரை எடுத்தேன். அதில் செல் செத்துக் கிடந்தது. உன்னை, "நீ போயி சாப்புட்டுட்டு வாடா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். மேஜையில் கடிகாரம் இருந்தது. அதன் செல்லை உருவி மல்டிமீட்டரில் போட்டேன். கேபிளைச் சரிசெய்து முடித்ததும் செல்லைத் திரும்பக் கடிகாரத்தில் போட்டேன். அது விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. முள்ளைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெனரேட்டர் சத்தம் கேட்டு நீ கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தாய். எதிரில் இருந்த நேரத்தை எழுதினாய். நீ வேறு என்ன எழுதுவாய்?

லாக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீ பீப்புக்குத் திருத்தின இடத்தில் நாற்பது நிமிஷம் காலியாக இருக்கிறது. அப்போது பேச ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று பிப்ரவரியில் நானே நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் கூடிய நாற்பது இன்னொரு பக்கத்தில் குறைந்திருப்பதைப் பார்க்காதவன் உனக்குக் கூட்டல் கற்றுக்கொடுக்க வந்தேன்.

செல்லை எடுத்தவன் நான். உன்மேல் பழி போட்டவனும் நான். என் மனைவி அனிதாவிடம் சொன்னேன். "இத்தனை நாளா அந்த மனுசன் எப்படித் தூங்குனாரோ" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கமிட்டிக்கு இன்றைக்கே எழுதுகிறேன். கார்டுகளை ரிஜிஸ்டர் தபாலில் உனக்கு அனுப்புகிறேன். மன்னித்துவிடு. லைசென்ஸை மட்டும் விட்டுவிடாதே.

சிங்காரம்


பெரம்பலூர்
1.8.1999

சிங்காரம்,

கார்டு ஏழும் வந்தன. ஜப்பான்காரர் கார்டில் நல்ல மலைப்படம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். ரிப்பேருக்கு வந்திருந்த ஆள் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார். ஒரு பென் டார்ச் செல்! இதற்குத்தான் ஆறு மாதம் நான் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன். உனக்கு எழுதும்போது பேசினேன், பேசினேன் என்று அடித்துச் சொன்னேனே தவிர, சில நாள் படுக்கையில் புரளும்போது, வெயிலில் மூளை கலங்கி நிஜமாகவே இல்லாததை எழுதிவிட்டேனோ என்று நினைத்தது உண்டு. அதற்கு நீ என்ன பதில் சொல்வாய்? சிரித்து முடித்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. இன்னும் போகவில்லை.

மூன்று மாதம் டிராயரில் பூட்டி வைத்தாயே, அது செல்லை விடப் பெரிசு. செல் ஞாபகமறதி. டிராயர் ஞாபகத்தோடு செய்தது.

கமிட்டிக்கு எழுது, எழுதாமல் போ. முதல் இடமும் கேடயமும் எனக்கு வேண்டாம். என்னைப் பற்றி நீ கமிட்டியிடம் மட்டுமா சொன்னாய்? ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குச் சொன்னாய். அதை ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே சொல். கடிதத்தில் கேட்கிற மன்னிப்பு எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். செல்லதுரைக்கும் திருச்சிக்காரர்களுக்கும் நான் இன்னும் பொய் லாக் எழுதினவன்தான்.

கருப்பண்ணன்


அரியலூர்
18.9.1999

கருப்பண்ணா,

கமிட்டியிலிருந்து பதில் வந்துவிட்டது. முடிவுகளை அச்சடித்து அனுப்பிவிட்டார்களாம், இனி மாற்ற இயலாதாம். வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள்.

நெட்டில் சொல்லக்கூடாது என்றில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மைக்கை எடுக்கிறேன். ஆனால் யோசித்துப் பார். புயல், வெள்ளம் வந்தால் கலெக்டர் ஆபீஸுக்கு ரேடியோ தொடர்புக்கு ஒரு பொறுப்பாளர் போடப் போகிறார்கள். கிளப்பில் எல்லாரும் என் பெயரைச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் கூட்டம். இந்தச் சமயத்தில், கடிகாரச் செல்லைக் கழற்றிவிட்டு அடுத்தவனைத் திருடன் என்று சொன்ன ஆள் என்று தெரிந்தால் யார் என்னிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள்?

அதனால் இப்படிச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்: "ஃபீல்டு டேயின்போது மேஜைக் கடிகாரம் நாற்பது நிமிஷம் நின்றிருந்தது பின்னர் தெரியவந்தது, எனவே லாக்கில் தவறு எதுவும் இல்லை." இதில் உன்மேல் இருந்த பழி முழுக்கத் துடைத்தாகிவிட்டது. பொய்யும் ஒன்றும் இல்லை. சரி என்றால் ஒரு வரி எழுது, வருகிற ஞாயிறே சொல்லிவிடுகிறேன்.

சிங்காரம்


பெரம்பலூர்
22.9.1999

சிங்காரம்,

கடிகாரம் தானாக நின்றதா?

கருப்பண்ணன்


அரியலூர்
18.10.1999

கருப்பண்ணா,

உன் தபால் கார்டில் இருந்தது மூன்றே வார்த்தை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு மைக் முன்னால் உட்கார்ந்து எழுந்தேன். பொறுப்பாளர் கூட்டம் 14-ஆம் தேதி நடந்தது. எனக்கு வேண்டாம், அறிவழகனைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

நேற்று சொல்லிவிட்டேன். நீ கேட்டாயா தெரியாது. செட் மேல் குங்குமச் சிமிழ் இருந்தால் எப்படிக் கேட்டிருப்பாய்? அதனால் சொன்னதை எழுதுகிறேன். பேப்பரில் எழுதிவைத்துத்தான் படித்தேன், இல்லாவிட்டால் நடுவில் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று பயம். பிப்ரவரி 7-ஆம் தேதி இதே நேரத்தில் நான் சொன்னது தப்பு என்றேன். கடிகாரத்தின் செல்லைக் கழற்றியவன் நான், திரும்பப் போட்டுவிட்டு முள்ளைத் திருத்த மறந்தவன் நான் என்றேன். அதை நிரூபிக்கிற கார்டுகளை மூன்று மாதம் பூட்டி வைத்தவனும் நான் என்றேன். உன் பெயரைச் சொன்னேன், மூன்று எழுத்தையும் சொன்னேன். அவர் எழுதிய லாக்கில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஊருக்குச் சொன்னேன் என்று முடித்தேன்.

மைக்கை விட்டேன். அப்புறம் செல்லதுரை வந்து, "எல்லாம் தெளிவா கேட்டுச்சுங்க" என்று மட்டும் சொன்னார். திருச்சிக்காரர் ஒருவர் வந்து, இத்தனை மாதம் கழித்துச் சொல்கிறீர்களே என்று கேட்டுவிட்டார். கேட்கட்டும். நியாயம்தானே.

நெட்டில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் அறிவழகன் எழுதினதாக இருந்திருந்தால் அவனை முதலில் கேட்டிருப்பாயா என்று பிப்ரவரியில் எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்து மார்ச்சில் உன்னைத் திட்டி எழுதினேன். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கேட்டிருப்பேன், கருப்பண்ணா. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருப்பேன். உன்னைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல காரணம்கூட இல்லை.

ஜனவரி 29, 30-இல் மறுபடி ஃபீல்டு டே. பாவாடை தோப்பைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். நீ வருவாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. லைசென்ஸுக்கு மட்டும் இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

சிங்காரம்


பெரம்பலூர்
25.10.1999

சிங்காரம்,

கேட்டேன். துணியை எடுத்துவிட்டு ஆகஸ்டிலிருந்தே ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மைக்கை மட்டும் தொடவில்லை. நீ பேசினபோது இருசம்மாளும் பக்கத்தில் இருந்தாள். "இவுருதானா அவுரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "குரல் நடுங்குதே, பாவம்" என்றாள். எனக்குப் பாவமாக இல்லை. ஆனால் உன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

லைசென்ஸ் விஷயம். படிவத்தைப் பூர்த்தி பண்ணி, போட்டோ ஒட்டி, 11-ஆம் தேதியே டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். தேதியைப் பார்த்துக்கொள். நீ பேசுவதற்கு ஆறு நாள் முந்தி. நீ பேசுவாய், பிறகு புதுப்பிக்கலாம் என்று நான் காத்திருந்தால், என் பெயரை நீதான் எனக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது நான் பரீட்சை எழுதி வாங்கினது. நீ எடுத்துக்கொள்ளவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. இது புரிய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

நீ நெட்டில் பேசினது செல்லதுரைக்கும் திருச்சிக்காரர்களுக்கும். அது முடிந்தது. எனக்கு எழுதினது அறிவழகனைப் பற்றி எழுதின அந்த நாலு வரிதான். மறைக்காமல் எழுதிவிட்டாய். ஆனால் அது கடிதத்தில் எழுதிவிட்டுப் போகிற விஷயமும் இல்லை, மைக்கில் சொல்கிற விஷயமும் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியது. தோப்பைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

வருகிற ஞாயிறு நெட் முடிந்ததும் புறப்பட்டு வா. மத்தியானம் இங்கேதான் சாப்பாடு. கடைக்கு வராதே, கடைக்குத்தான் பதினாலு வருஷமாக வருகிறாயே. வீட்டுக்கு வா. உனக்கு வழி தெரியாது என்பதால் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி துறைமங்கலம் போகிற ரோட்டில் நட. ரேஷன் கடை தாண்டியதும் இடது பக்கம் ஒரு மாரியம்மன் கோயில். அதற்குப் பின்னால் எங்கள் தெரு. உள்ளே வந்து மூன்றாவது, ஓட்டு வீடு. தெரு முனையிலேயே நின்று ஆள் விட்டுக் கூப்பிடாதே, உள்ளே வா. வீடு தெரியவில்லை என்றால் கருப்பண்ணன் வீடு எது என்று யாரையாவது கேள். சத்தமாகவே கேள்.

கருப்பண்ணன்